பெருசுக்கு ஒரு கை சோறு

மலை என்றால் இருந்த இடத்தில் இருக்க வேண்டும், ஆறு என்றால் ஓட வேண்டும், மனுசி என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டைப் பிடித்து உட்கார வேண்டும் என்று உலகத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறதல்லவா, அதில் மூன்றாவதை மீறியவள் வெயிலுகந்தாள், முதலாவதை மீறியது யானாரூமி என்கிற எரிமலை, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது எக்குவடோர் தேசத்தில், விருதுநகரிலிருந்து போன இருபத்திரண்டு பேரின் டூர் பஸ் மூன்றாம் நாள் தங்கி எழுந்த ஒரு மலையடிவாரத்தில்.

டூர் நடத்துகிற அருமைராஜ் எந்தத் தேசத்துக்கு ஆள் கூட்டிப் போனாலும் கூடவே ஒரு சமையல்காரியையும், இருபது லிட்டர் குக்கர் இரண்டையும், அரிசி, பருப்பு, புளி, வத்தல் என்று நாலு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போவான், ஏனென்றால் நம்ம ஆட்களுக்கு எவ்வளவு பெரிய அதிசயத்தைக் காட்டினாலும் மூன்றாம் நாள் ரசம் கண்ணில் படவில்லை என்றால் அதிசயத்தையே வையத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பதினோரு வருசமாக அவனோடு சுற்றுகிறவள் வெயிலு. காசியில் சமைத்திருக்கிறாள், காட்மாண்டுவில் சமைத்திருக்கிறாள், கண்டியில் மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு சாம்பார் வைத்திருக்கிறாள். ஒரு டூர் முடிந்து வந்து இறங்கினால் நாலாம் நாளே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரி அருமைராஜ் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள்.

"அக்கா, உங்களுக்கு ஊர்ல வீடு இருக்கா இல்லையா?" என்று கேட்பவர்களிடம், "இருக்கு. பூட்டுக்கு எண்ணெய் விட மட்டும் போவேன்" என்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் வீட்டுக்காரர் பால்ச்சாமி லாரி டிரைவர். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போனவர் திரும்பவில்லை. லாரி கிடைத்தது, ரோட்டோரத்துச் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால், உள்விளக்கு எரிந்தபடி, கதவில் துண்டு காய்ந்தபடி. ஆள் கிடைக்கவில்லை. பதினேழு வருசம் ஆயிற்று. செத்தார் என்று சொல்ல உடம்பு இல்லை, இருக்கிறார் என்று சொல்ல ஒரு கடிதாசு இல்லை. செத்தவர்களுக்குத் திதி உண்டு, அந்த ஒரு நாள் காக்கைக்குச் சோறு வைத்தால் வருசம் பூராவும் போதும். நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது, அன்றைக்கு வைத்து முடி என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "நாள் குறிச்சா ஆளை முடிச்ச மாதிரி. நான் முடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் தினசரி வைத்தாள். உலை இறங்கியதும் முதல் கைச் சோறு காக்கைக்கு, அப்புறம்தான் தன் வாயில் பருக்கை. பதினேழு வருசத்தில் ஒரு காக்கை அதைத் தொட்டதில்லை. அணில் தின்றது, கோழி தின்றது, காக்கை மட்டும் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இது இன்னும் நம்ம கணக்கில் வரவில்லை என்பது போலப் பறந்துவிடும். அதை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் ஊர் ஊராகப் போனாள், போன ஊரிலெல்லாம் ஒரு கை சோறு வைத்தாள்.

யானாரூமிக்குக் கீழே இருக்கிற அந்தக் கிராமத்துக்கு இஞ்சாபம்பா என்று பேர். நாற்பது வீடு. நின்றாலே மூச்சு வாங்குகிற உயரம். அங்கே திறந்த பானையில் அரிசியைப் போட்டால் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், அரிசி மட்டும் வேகாமல் பிடிவாதமாக விறைத்து நிற்கும். குக்கர் வைத்துத்தான் வேகவைக்க வேண்டும். மதியத்துக்குப் புளியோதரைப் பொட்டலம் கட்டுவதற்காக விடிந்ததும் சோற்றைப் பொங்கி இறக்கிய வெயிலு, முதல் கைச் சோற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், காக்கை இல்லை. காக்கை மட்டுமா, ஒரு குருவி கூட இல்லை. எதிரே இடுப்பில் கறுப்புத் தழும்பும் தோள் வரைக்கும் வெள்ளைப் பனியுமாக மலைதான் நின்றது. கல்சுவரின் மேல் சோற்றை வைத்தாள். பழக்கதோசம், "கா... கா..." என்று கூப்பிட்டாள். மலை உச்சியில் லேசாக ஒரு புகை கிளம்பியது. அவள் கையைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது சுவரில் சோறு இல்லை. கல் சுட்டது.

பஸ் குவெங்கா நகரத்துக்குப் புறப்பட்டது, ஆறு மணி நேரப் பயணம். மறுநாள் காலையில் அந்த ஊர் விடுதியின் மொட்டைமாடியில் குக்கர் மூன்று விசில் அடித்தது. பின்னாலிருந்து மூன்று முறை பொஃப், பொஃப், பொஃப் என்று பதில் வந்தது. தேவாலயத்தின் நீலக் குவிமாடங்களுக்குப் பின்னால் யானாரூமி நின்றுகொண்டிருந்தது.

யாரும் கூச்சல் போடவில்லை. வத்தல் மண்டி தவசிக்கனி அண்ணாச்சி பல் விளக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். அவர் சம்சாரம் சொர்ணக்கிளி வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, இது நேத்துப் பார்த்த மலைதான?"

"அதேதான். இடுப்புல தழும்பு இருக்கு பாரு."

"இங்க எப்படி வந்துச்சு?"

"நாம எப்படி வந்தோம்? ரோட்டு வழியாத்தான் வந்திருக்கும்."

ஊர்க்காரர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். சூரியன் அரைமணி நேரம் தாமதமாக வந்ததால் கோயில் மணியை அரைமணி தள்ளி அடித்தார்கள். தொப்பி முடைகிறவர்கள், புது நிழல் ஓலைக்கு நல்லது என்று ஈரத்தொப்பிகளைக் கொண்டுவந்து மலைப்பக்கம் அடுக்கினார்கள். பூக்கடைப் பெண்கள் மலைக்கும் ஒரு கூடையை எதிரே வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார்கள். அன்றைக்குக் கல்யாணம் ஆன மூன்று ஜோடி அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் விடுதி வாசலுக்கு வந்து பஸ் டிரைவரிடம், "இது உங்களோடதா?" என்று மலையைக் காட்டிக் கேட்டார். டிரைவர் பேர் வாஷிங்டன். அந்தத் தேசத்தில் அப்படிப் பேர் வைப்பது சகஜம். "பயணிகளோட வந்தது" என்றான். "அப்ப சந்திப்பை மறைக்காம கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றுவிட்டு அவர் போய்விட்டார். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பஸ் நகரும்போது அதுவும் நகர்ந்துகொண்டது, யாரும் பார்க்காத நேரமாய்ப் பார்த்து, வளைவுகளிலும் மேகம் மறைக்கும் இடங்களிலும், கூச்சக்கார விருந்தாளி மாதிரி.

குறை வந்தது நம்ம ஆட்களிடமிருந்துதான். "அருமைராஜ், நோட்டீஸ்ல ஏழு எரிமலைன்னுதான போட்டிருந்த? எங்க திரும்பினாலும் இந்தப் பெருசுதான மறைச்சிக்கிட்டு நிக்குது!" என்றார் அண்ணாச்சி. அதிலிருந்து அதற்குப் பெருசு என்றே பேராகிவிட்டது. பெருசு வந்திருச்சு, பெருசுக்குப் புகை கம்மியா இருக்கே, பெருசு ராத்திரி தூங்கலையோ என்று பெற்றவரை விசாரிப்பது போல விசாரித்தார்கள்.

வெயிலு குவெங்காவில் இரண்டு காலையும் மாடிச்சுவரில் ஒரு கை சோறு வைத்தாள், இரண்டு காலையும் சோறு போய்க் கல் சுட்டது. பதினேழு வருசமாக எந்த வாயும் ஏற்காத சோற்றை ஒன்று ஏற்கிறது. சந்தோசமா பயமா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சட்டியைத் துலக்கினாள், துலக்கிய சட்டியையே மறுபடியும் துலக்கினாள். கடைசியில் சுவரோரம் போய் மெதுவாகக் கேட்டாள்: "யாரு நீங்க?"

பின்னாலேயே நின்ற சொர்ணக்கிளி, "மதினி, நீங்க வாங்கன்னு பேசுறதைப் பார்த்தா... ஒருவேளை அண்ணன்தானோ?" என்றாள்.

"வாயில அடி. அவரு ஆறடிகூட இல்ல" என்றாள் வெயிலு. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அன்று மத்தியானம் தோமாசா வந்து சேர்ந்தாள். இஞ்சாபம்பாவின் வாய்க்காலில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று மடை திறந்து மடை அடைக்கிறவள், நம்ம ஊரில் நீர்ப்பாய்ச்சி என்று சொல்வோமே, அந்த வேலை. சிவப்புக் கம்பளிப் போர்வை, தலையில் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் மண்வெட்டி. மலையைத் தேடிக்கொண்டு உருளைக்கிழங்கு லாரியில் ஏறி வந்திருந்தாள். அவள் பேசினதை அருமைராஜின் போன் தமிழாக்கிச் சொன்னது, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி.

"வணக்கம். எங்கள் மலையை நீங்கள் அழைத்துச் சென்றுவிட்டீர்கள். எங்கள் வாய்க்கால் வறண்டுவிட்டது" என்றது போன்.

"நான் எங்க கூப்பிட்டேன்? அதுவா வருது" என்றாள் வெயிலு.

"அதற்கு உணவு அளித்தீர்களா?"

"ஒரு கை சோறு."

"எப்போது?"

"தினமும்தான்."

தோமாசா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பைப் போன் மொழிபெயர்க்கவில்லை. அப்புறம் சொன்னது: "நாங்களும் வைக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை, கிழங்கு தோண்டும் நாளில். அந்த ஒரு நாளுக்காக அது ஆண்டு முழுவதும் இருந்த இடத்தில் காத்திருக்கும். நீங்கள் நாள்தோறும் சூடாக அளித்தால் அது ஏன் வீட்டில் இருக்கப்போகிறது?"

இருபத்திரண்டு பேரும் வெயிலுவைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எப்போது விமானம் ஏறுகிறீர்கள்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்" என்றான் அருமைராஜ்.

தோமாசா மலையைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது சிரிக்கவில்லை. "விமானத்துக்குப் பின்னால் அது கடல் வரை வரும். அதற்கு நீந்தத் தெரியாது."

அதோடு தோமாசாவும் மண்வெட்டியோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். மறுநாளிலிருந்து வெயிலு சோறு வைப்பதை நிறுத்தினாள். நிறுத்தினால் போய்விடும் என்று நினைத்தார்கள். முதல் கை வைக்காமல் தன் வாயில் பருக்கை போடுகிறவளில்லை என்பதால் அவளும் சாப்பிடவில்லை, வெறும் காப்பித்தண்ணியில் இருந்தாள். பஸ் ஒரு பகல் முழுக்க வடக்கே ஓடி, மிந்தோ என்கிற மேகக்காட்டுக்குள் இறங்கியது. மரத்துக்கு மரம் பாசியும், பாசிக்குள் பூவும், கட்டைவிரல் அளவுச் சிட்டுகள் அந்தரத்தில் நின்று தேன் குடிப்பதும், மேகம் ஜன்னல் வழியாக வந்து துணியெல்லாம் நனைத்துவிட்டு அடுத்த ஜன்னல் வழியாகப் போவதுமான காடு. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு சுற்றிவந்தார்கள். வெயிலு எதையும் பார்க்கவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள், வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள், நடந்து நடந்து தரையில் ஈரத்தடமே ஒரு பாதையாகிவிட்டது.

பெருசு போகவில்லை. பசித்தது தூரப் போகுமா? முதல்நாள் காட்டுக்கு அந்தப்பக்கம் நின்றது, மறுநாள் ஓடைக்கு இந்தப்பக்கம் வந்தது, மூன்றாம் நாள் காலையில் சமையலறையின் பின்கதவைத் திறக்க முடியவில்லை, கதவுக்கு வெளியே மலை இருந்தது. தவசிக்கனி அண்ணாச்சி பாவப்பட்டு ஜன்னல் வழியாகத் தன் கையால் ஒரு உருண்டை வைத்துப் பார்த்தார். சோறு அப்படியே கிடந்து எறும்பு மொய்த்தது.

அந்தக் காட்டின் வெக்கை பனிக்கு ஆகவில்லை. பெருசின் தலையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்த தண்ணீர் விடுதிப் படிகளில் ஓடி, யாருக்கும் பயன்படாமல் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. தோள் வரைக்கும் இருந்த வெள்ளை, கழுத்துக்கு ஏறி, காதுக்கு ஏறி, இப்போது ஒரு குல்லாய் அளவுதான் மிச்சம். தோமாசா படியில் உட்கார்ந்து ஓடுகிற தண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். போனைக் கேட்காமல், மலையின் தலையைக் காட்டி, பிறகு நாலு தரம் பத்து விரலையும் விரித்து மூடி, வெறுங்கையை உதறிக் காட்டினாள். அது கரைந்துவிட்டால் நாற்பது வீட்டுக்கும் ஒன்றுமில்லை. அது வெயிலுவுக்கு விளங்கியது.

வெயிலு போய்ப் பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"அருமை, பஸ்ஸைத் திருப்பு. இஞ்சாபம்பாவுக்குப் போகணும்."

"அக்கா, நாளைக்குச் சாயங்காலம் பிளைட்டு!"

"இருக்கட்டும். இது நம்ம பின்னாடிதான் வரும். கொண்டுபோய் விட்டுட்டு வருவோம்."

"விட்டா நிக்குமா?"

அருமைராஜ் பயணிகளைப் பார்த்தான், கடைசி நாள் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவதாகப் பேச்சு. தவசிக்கனி அண்ணாச்சிதான் முதலில் ஏறினார். "அஞ்சு நாளா அது நம்ம கூட வந்துச்சு. ஒரு நாள் நாம அது கூடப் போறதுல என்ன கெட்டுப்போச்சு? ஏறுங்கப்பா."

மத்தியானம் தாண்டிப் போய்ச் சேர்ந்தார்கள். மலை இருந்த இடம், பீரோவை நகர்த்தின சுவர் மாதிரி வெளிறிக் கிடந்தது. எத்தனையோ தலைமுறையாகத் தொலைந்துபோன ஆட்டுமணிகளையும் ஒற்றைச் செருப்புகளையும் அந்தத் தரையிலிருந்து பொறுக்கி ஊர்க்காரர்கள் ஒரு ஓரமாகக் குவித்திருந்தார்கள். மலை திரும்பி வரும்வரை இடத்தைச் சும்மா போடுவானேன் என்று இளவட்டங்கள் நடுவில் கம்பு நட்டுக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் வருவதைப் பார்த்ததும், ஒரு கோல் பாக்கி இருக்கிறதே என்று முனகிக்கொண்டே கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். எல்லாரும் மரியாதைக்காக ஒருதரம் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். மறுபடி பார்த்தபோது பெருசு தன் இடத்தில் நின்றது. நின்றதே தவிர உட்காரவில்லை, அடுத்த பஸ் எப்போது என்கிற மாதிரி நின்றது.

வெயிலு இரண்டு குக்கரையும் ஏற்றினாள். மிச்சம் இருந்த அரிசி பூராவும், வத்தக்குழம்பு, பருப்பு, சொர்ணக்கிளி தன் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த கூழ்வடகம். வாழை இல்லாத ஊர். தோமாசா அதே சாடையில் அகலமான ஒரு இலையை அறுத்துவந்து கழுவிக் கொடுத்தாள். கல்சுவரின் மேல் இலை போட்டு வெயிலு பரிமாறினாள். ஒரு கை இல்லை, ஒரு ஆள் சாப்பாடு. குழம்பு இலையை மீறிச் சுவரில் வழிந்தது. நாற்பது வீட்டு ஜனமும் இருபத்திரண்டு பேரும் சுற்றி நின்றார்கள்.

புருசன் பேரைச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. போலீஸ் ஸ்டேசனில் கேட்டபோது கூட எழுதித்தான் காட்டினாள். இப்போது மலையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"பால்ச்சாமி."

மலை புகையை நிறுத்திக்கொண்டு கேட்டது.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அவரா இருந்தா அவரு. இல்லைன்னா அவருக்குச் சேர வேண்டியதை இத்தனை நாள் வாங்கிக்கிட்ட புண்ணியவாளன். யாராயிருந்தாலும் இதான் சேதி. இனி தினமும் கிடையாது. மகாளய அமாவாசைக்கு மகாளய அமாவாசை. வருசத்துக்கு ஒரு நாள். அன்னைக்கு நான் எங்க இருந்தாலும் வைப்பேன், நீங்க தேடி வரவேண்டாம், இங்கயே இருந்து வாங்கிக்கிடுங்க. இங்க நாப்பது வீடு தண்ணியில்லாம கிடக்கு. எனக்கும்..." என்று நிறுத்தினாள். "எனக்கும் கால் வலிக்குது."

சொல்லிவிட்டு, இலையைத் திரும்பிப் பார்க்காமல், கல்லில் உட்கார்ந்து ஒரு தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தாள். சோறு எடுபட்டதா என்று தெரிந்துகொள்ளாமலே, பதினேழு வருசத்தில் முதன்முறையாக, சோற்றைத் தன் வாயில் வைத்தாள். மூன்று நாள் பசி. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சாப்பிட்டாள். சொர்ணக்கிளி பக்கத்தில் உட்கார்ந்து, "குழம்பு ஊத்தவா மதினி?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. நெடுந்தூரம் ஓடிவந்த லோடு லாரி ஓரம்கட்டி, பிரேக்கைப் போட்டு, காற்றை விட்டு ஓய்கிற மாதிரி, புஸ்ஸென்று ஒரு நீண்ட மூச்சு. தரை லேசாக அமுங்கியது. மலை உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தோமாசா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடினாள், அங்கே களகளவென்று பேச்சுச் சத்தம் கேட்டது. மனுசப் பேச்சு இல்லை, தண்ணீர்.

மறுநாள் காலையில், வழிச் சாப்பாட்டுக்கு என்று தோமாசா வீட்டு அரிசியில் குக்கர் வைத்தாள் வெயிலு. மூன்று விசில். எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். பொஃப், பொஃப், பொஃப் என்று பதில் சொன்னது, அவ்வளவுதான், இருந்த இடத்தில் இருந்தே சொன்னது. வெயிலு முதல் கையை எடுத்து வைக்காமல் பொட்டலம் கட்டினாள். தோமாசா அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அருமைராஜ் போனை நீட்டினான், இரண்டு பேருமே அது வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்.

பஸ் கீத்தோ விமான நிலையத்துக்குப் புறப்பட்டது. அன்றைக்கு மேகமே இல்லை. நோட்டீஸில் போட்டிருந்த ஏழு எரிமலையும் ஒன்றன்பின் ஒன்றாக, குளித்துத் துவட்டி வரிசையில் நிற்கிற மாதிரி, வலப்பக்கமும் இடப்பக்கமும் வந்தன. பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல், இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்குமாக ஓட்டம். சொர்ணக்கிளி பின்சீட்டுக்குப் போய், "மதினி, கடைசி எரிமலை, பாருங்க" என்று சொல்லப்போனாள்.

வெயிலு குக்கர் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். மேடு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதும் அவளை அசைக்கவில்லை.

"எழுப்பாத" என்றார் தவசிக்கனி அண்ணாச்சி. "நாம பார்த்தாப் போதும்."

வாஷிங்டன் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் வெறும் ரோடுதான் வந்துகொண்டிருந்தது.